திருநங்கையர் வைத்தியமும் சட்டசபையும்

திருவண்ணாமலையில் ஒவ்வொரு வருஷமும் கார்த்திகைத் தீபத்தன்று சாயங்காலம் ஒரு காரியம் நடக்கின்றது. ஆண் பாதி, பெண் பாதியாகச் செய்து வைத்திருக்கும் அர்த்தநாரீசுவரர் என்கின்ற சாமி அன்று ஒரு நாள் மாத்திரம் வெளியே வந்து, இரண்டொரு நிமிஷ நேரம் ஆடிக் காட்டிவிட்டு உள்ளே போய்விடும். அந்த இரண்டு நிமிஷத்தைப் பார்ப்பதற்காக லட்சக்கணக்கான ஜனங்கள் ஊரெல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றார்கள். அந்தச் சாமி தலை காட்டிய பிறகுதான் மலைமேல் தீபம் ஏற்றப்படும். பெண்ணுக்கு உடம்பில் பாதியைக் கொடுத்த இடம் இந்த ஊர்தான் என்று ஸ்தல புராணமும் பெருமை பேசுகின்றது. அதே ஜனங்கள் மலையைச் சுற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் வரும்போது, கையை நீட்டி நிற்கும் ஒரு திருநங்கையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகின்றார்கள். அல்லது சாபத்துக்குப் பயந்து சில்லறையை எறிகின்றார்கள். அல்லது கேலி பேசிக்கொண்டு போகின்றார்கள். உலோகத்தில் செய்திருந்தால் கற்பூரம், ரத்தமும் சதையுமாக இருந்தால் கல்லடி என்கின்ற இந்த நியாயத்தைப்பற்றி இன்று நாம் அதிகம் எழுதப் போவதில்லை. அந்தக் கையை நீட்டி நிற்பவருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வழி, அதற்குப் பணம் யார் கொடுப்பது, அதற்குச் சட்டம் என்ன செய்திருக்கின்றது, நம்முடைய சட்டசபை இன்னும் என்ன செய்யாமல் இருக்கின்றது என்பதைப்பற்றியே எழுதப் போகின்றோம்.

இந்த வைத்தியம் இன்னது என்பதை முதலில் பச்சையாகச் சொல்லிவிடுவோம். இதைப்பற்றி வாய் கிழியப் பேசுகின்றவர்களில் பெரும்பாலோர் இது ஒரு நாள் கத்தி வைத்து அறுத்துவிட்டு வந்துவிடுகின்ற காரியம் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். அப்படியல்ல. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டுத் தன்னைப் பெண்ணாகவே உணருகின்ற ஒருவருக்கும், பெண் என்று எழுதப்பட்டு ஆணாக உணருகின்ற ஒருவருக்கும் முதலில் மனோதத்துவ வைத்தியர்கள் உட்கார்ந்து பேசுகின்றார்கள். அவருடைய எண்ணம் உறுதியானதா, செய்யப்போவது என்ன, செய்த பின் திரும்பப் பெற முடியாதது எது என்பதையெல்லாம் விளக்குகின்றார்கள். பிறகு ஹார்மோன் மருந்து. திருநங்கையருக்கு ஈஸ்ட்ரோஜனும், ஆண் சுரப்பை அடக்குகின்ற மருந்தும்; திருநம்பியருக்கு டெஸ்டோஸ்டிரோன். இவற்றைக் கொடுக்கும்போது காலாகாலத்தில் ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். அதன் பின், வேண்டியவர்களுக்கு மாத்திரம் ரண சிகிச்சை. எல்லோரும் அதை விரும்புவதும் இல்லை, எல்லோருக்கும் அது அவசியமும் இல்லை. திருநம்பியருக்கு மார்பை எடுப்பது ஒன்றே போதும் என்று இருக்கலாம். ரண சிகிச்சை முடிந்துவிட்டால் வைத்தியமும் முடிந்தது என்பதும் தப்பு. விதைகளையோ சூலகங்களையோ எடுத்துவிட்ட சரீரத்துக்கு வெளியிலிருந்து ஹார்மோன் கொடுக்காமல் விட்டால் நாளடைவில் எலும்பு பலமிழந்து, தவறி விழுந்தாலே முறிகின்ற நிலைமை வரும். ஆகவே கத்தி ஒரு நாளைக்கு, மருந்து ஆயுள் முழுவதற்கும். வாசகர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மேலே நாம் சொல்லப்போவது எல்லாம் சுலபமாக விளங்கும்.

நம் நாட்டில் சர்க்கார் முதன் முதலில் இவர்களுக்கென்று எழுதிய சட்டம் வைத்தியத்துக்காக எழுதப்பட்டதல்ல, ஜெயிலுக்காக எழுதப்பட்டது. 1871-ஆம் வருஷத்தில் வெள்ளைக்கார சர்க்கார் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பாகம் வடநாட்டு மாகாணங்களில் இவர்களைப் போலீஸ் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லிற்று. பதிவானவர் பெண் உடை உடுத்தி வெளியில் வந்தால் இரண்டு வருஷம் வரையில் சிறை. அந்தப் பாகம் பின்னால் போய்விட்டது. போலீஸ்காரனுடைய பார்வை மாத்திரம் போகவில்லை.

தமிழ்நாட்டைப் பொறுத்தமட்டில், நம்முடைய சர்க்கார் மற்ற மாகாணங்களுக்கு முன்னால் நடந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2008 ஏப்ரல் 15-ஆம் தேதி இந்தியாவிலேயே முதன் முதலாக இவர்களுக்கு ஒரு நல வாரியம் ஏற்பட்டது. அப்போது அதற்கு அரவாணிகள் நல வாரியம் என்று பெயர். திருநங்கை என்கின்ற மரியாதையான சொல்லும் அந்தக் காலத்தில்தான் சர்க்கார் காகிதத்தில் ஏறிற்று. தனி ரேஷன் கார்டு கொடுக்கவும் உத்தரவாயிற்று. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசினர் ஆஸ்பத்திரி முதலிய சில பெரிய ஆஸ்பத்திரிகளில் ரண சிகிச்சையைக் காசு வாங்காமல் செய்யவும் தொடங்கினார்கள். அதற்கு முன்பு இவர்களுடைய கதி என்னவாக இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகின்றவர்கள், லிவிங் ஸ்மைல் வித்யா 2007-இல் தன் பெயரிலேயே எழுதி வெளியிட்ட ‘நான், சரவணன் வித்யா’ என்னும் புத்தகத்தைப் படிக்கலாம். நிர்வாணம் என்று அவர்கள் சொல்லுகின்ற அந்த அறுவைக்காகப் பிச்சை எடுத்துச் சேர்த்த காசுடன் ஆந்திர தேசத்துக்கு ரயிலேறிப் போகும்படி இருந்த காலம் அது. இன்னும் ஏழைகளாயிருந்தவர்கள் அந்த ரயிலுக்கும் வழியில்லாமல், வைத்தியமே படிக்காத தாயம்மாவின் கத்திக்குத் தலை கொடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் செத்தவர்களுக்குக் கணக்கு ஒருவரிடத்திலும் இல்லை.

பிறகு டில்லியில் நடந்ததைப் பார்ப்போம். 2014-இல், அதுவும் ஒரு ஏப்ரல் 15-ஆம் தேதிதான், சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் ஆணா பெண்ணா மூன்றாம் பாலா என்பதை அவரே சொல்லிக்கொள்ளும் உரிமை அவருடையது, அதற்காக ரண சிகிச்சை செய்துகொண்டாக வேண்டும் என்று வற்புறுத்துவது ஒழுக்கத்துக்கும் சட்டத்துக்கும் விரோதம் என்பது அதன் சாரம். ஐந்து வருஷம் கழித்து 2019-இல் பார்லிமெண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றைச் செய்தது. அது 2020 ஜனவரி 10-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் குறைகள் அநேகம் உண்டு. ஆனால் 15-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ரண சிகிச்சைக்கும் ஹார்மோன் வைத்தியத்துக்கும் சர்க்கார் வசதி செய்ய வேண்டும், முன்னும் பின்னும் ஆலோசனை சொல்ல ஆள் வேண்டும், வைத்தியக் கல்லூரிப் பாடத்தைத் திருத்த வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, ரண சிகிச்சை, ஹார்மோன், லேசர் முதலிய இவற்றின் செலவுக்கு விரிவான இன்ஷூரன்ஸ் திட்டம் ஒன்றின் மூலம் சர்க்கார் வகை செய்ய வேண்டும் என்றும் அது எழுதிற்று. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அதே 2019-ஆம் வருஷத்தில் நடந்த இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்க்க சர்க்கார் வைத்திருக்கும் ஆணையம் அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு நெறிமுறை வெளியிட்டது. ஆரோக்கிய பாலிசிகளில் கம்பெனிகள் எதெதற்குப் பணம் கொடுக்க மாட்டோம் என்று எழுதிக்கொள்ளலாமோ அதற்கெல்லாம் ஒரே மாதிரி வாசகமும் நம்பரும் கொடுத்தது. அதிலே 7-ஆம் நம்பர் என்ன தெரியுமா? பாலின மாற்ற வைத்தியம். சரீரத்தின் லட்சணங்களை எதிர்ப் பாலாருடையதாக மாற்றுகின்ற எந்தச் சிகிச்சைச் செலவையும் விலக்கிவைக்க விரும்புகின்ற கம்பெனி இன்ன வாக்கியத்தை அச்சடித்துக்கொள்ளலாம் என்று முத்திரை போட்டுக் கொடுத்தாயிற்று. செப்டம்பரில் கம்பெனிக்காரனுக்கு விலக்கு; டிசம்பரில் திருநங்கைக்குச் சட்டம். இரண்டும் ஒரே சர்க்காருடைய கைகள்தான்.

சரி, கம்பெனிக்காரன் லாபத்துக்கு வியாபாரம் செய்கின்றவன், அவனை விட்டுவிடுவோம். சர்க்காரே நடத்துகின்ற இன்ஷூரன்ஸ் என்ன ஆயிற்று? 2022 ஆகஸ்டு 24-ஆம் தேதி மத்திய சர்க்காரின் சமூக நீதி இலாகாவும் தேசிய ஆரோக்கிய ஆணையமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஆயுஷ்மான் பாரத் டி.ஜி. பிளஸ் என்று அதற்குப் பெயர். தேசியப் பதிவில் சர்டிபிகேட்டு வாங்கிய ஒவ்வொரு திருநருக்கும் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் வைத்தியச் செலவு, அதில் ரண சிகிச்சையும் சேர்த்தி என்று அறிவித்தார்கள். இதில் குடும்பத்துக்கு என்று இல்லாமல் ஆளுக்கு என்று சொன்னது ஒரு நல்ல காரியம். அது ஏன் நல்லது என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏழைகளுக்கென்று நடப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இதுவும் ஆயுஷ்மான் திட்டமும் 2018 முதல் இணைத்து நடத்தப்படுகின்றன. இந்தத் திட்டம் கட்டப்பட்டிருப்பது குடும்பம் என்கின்ற அஸ்திவாரத்தின்மேல். ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். குடும்பத் தலைவர், அவருடைய மனைவி அல்லது புருஷன், பிள்ளைகள், ஆதரவில் இருக்கும் தாய் தகப்பன் என்பதுதான் கணக்கு. ஊரில் மற்ற ஏழைகளுக்கு இது பொருந்தும். இப்போது செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினேழு வயதில் அடித்துத் துரத்தப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்ளுவோம். அவருடைய பெயர் தகப்பன் வீட்டுக் கார்டில் இருக்கும், அதுவும் ஆண் பெயராக. அந்தக் கார்டு தகப்பனுடைய பெட்டியில் இருக்கும். மகன் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொல்லிவிட்ட தகப்பன் அதை எடுத்துக் கொடுப்பானா? தனிக் கார்டு வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். கார்டுக்கு விலாசம் வேண்டும். விலாசத்துக்கு வீடு வேண்டும். யாத்திரிகருக்கும் வெளிநாட்டாருக்கும் மாதக் கணக்கில் அறை விடுகின்ற இந்த ஆசிரமப் பகுதியில் ஒரு திருநங்கைக்கு நல்ல மனதோடு வீடு விடுகின்ற சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று வாசகர்களே விசாரித்துப் பார்க்கட்டும். அத்வைதம் பேசுகின்ற வீட்டுக்காரரிடத்தில் முதலில் விசாரிக்கும்படி சிபாரிசு செய்கின்றோம்.

இனி எல்லாக் கார்டும் கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்ளுவோம். இந்த இன்ஷூரன்ஸின் எலும்புக்கூடே படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கென்று செய்யப்பட்டது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், இன்ன ரண சிகிச்சைக்கு இன்ன தொகை என்று கட்டு கட்டாக விலை போட்டிருக்கும். ஆயுஷ்மான் திட்டத்தின் பொது விதி என்னவென்றால், ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் 3 நாள் செலவும், வெளியே வந்த பின் 15 நாள் மருந்தும் கிடைக்கும் என்பது. குடல்வால் எடுத்தவனுக்கு 15 நாள் மருந்து தாராளம். ஆயுள் முழுவதும் ஹார்மோன் வேண்டியவருக்கு 16-ஆம் நாள் என்ன வழி? விசேஷக் கட்டுகள் சேர்த்திருக்கின்றோம் என்று அறிவித்தாலும், புற நோயாளியாக வந்து மாதா மாதம் மருந்து வாங்கிப் போகின்றவருக்கு இந்த எலும்புக்கூட்டில் இடம் ஏது? ஆக, திரும்பப் பெற முடியாததைச் செய்வதற்கு சர்க்கார் பணம் கொடுக்கும். செய்த பின் அந்தச் சரீரத்தைக் காப்பாற்றுவதற்குப் பணம் வரும் வழியைக் காணோம். பள்ளத்தின் நடு மட்டும் பாலம் கட்டிவிட்டு மீதியை நீந்திக்கொள் என்பதுபோல் இருக்கின்றது.

இதன் பலன் என்ன? மருந்துக் கடையில் தோழிகள் சொன்ன பெயரைச் சொல்லி, கர்ப்பத்தடை மாத்திரையைப் பட்டை பட்டையாக வாங்கி விழுங்குகின்றார்கள். அளவு தெரியாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. ஈஸ்ட்ரோஜன் அளவு மீறினால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்ச் சாகவும் நேரிடும் என்பதை அவர்களுக்குச் சொல்லுவதற்கு வைத்தியர் வேண்டும். ரண சிகிச்சையில் ஏதாவது கெட்டுப்போய்ச் சிறுநீர்த் தாரை அடைபட்டுவிட்டால், திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு சுமார் 190 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டும். மூத்திரம் அடைபட்டவர் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் உட்காருவதென்பது என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இது யாரோ ஒருவர் இருவர் சங்கதியல்ல. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் ஆண் பெண் அல்லாத மற்றவர் என்று எழுதிக்கொண்டவர்கள் இந்தியாவில் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். கணக்கெடுக்க வந்தவரிடம், வீட்டார் பக்கத்தில் நிற்கையில், தைரியமாகச் சொன்னவர்கள் மாத்திரம் இவ்வளவு.

நிற்க, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

முதல் ஆட்சேபணை, கடவுள் கொடுத்த சரீரத்தை மனிதன் மாற்றலாமா என்பது. இதை நம்முடைய ஊரில் கேட்பதுதான் விசேஷம். குழந்தைக்கு மொட்டை அடித்துக் காதைக் குத்துகின்றவர்களும், நாக்கில் அலகு குத்திக்கொள்ளுகின்றவர்களும் இதைச் சொல்லுகின்றார்கள். ஆசிரமத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால் ஒரு சங்கதி சொல்லுகின்றோம். ‘நான் யார்?’ என்று கேட்கச் சொல்லி, இந்தத் தேகம் நான் அல்ல என்று வாழ்நாள் முழுவதும் போதித்தவர் ரமணர். 1949-இல் அவருடைய இடது கையில் ஒரு கட்டி கண்டது; புற்றுநோயில் ஒரு வகை. அப்போது அவருடைய அன்பர்கள் தேகம் பொய், கர்மம் கழியட்டும் என்று சும்மா இருந்தார்களா? டாக்டர்களைக் கூட்டிவந்து நான்கு தடவை ரண சிகிச்சை செய்தார்கள், ரேடியம் வைத்தார்கள். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் காலமாகும் வரையில் வைத்தியம் ஓயவில்லை. அதை நாம் குற்றம் சொல்லவில்லை. அன்புள்ள மனிதர்கள் செய்ய வேண்டியதைத்தான் அவர்கள் செய்தார்கள். தேகமே நான் அல்ல என்றவருக்கு டாக்டர் வேண்டுமென்றால், இந்தத் தேகத்தோடு வாழ முடியவில்லையே என்று அழுகின்றவருக்கு டாக்டர் வேண்டாமா? இவர்கள் விஷயத்தில் மாத்திரம் பூர்வ ஜென்ம வினை எங்கிருந்து வந்து குறுக்கே படுத்துக்கொள்ளுகின்றது? கூத்தாண்டவர் பெயரால் கூவாகத்தில் ஒரு நாள் தாலியும் மறு நாள் அறுப்பும் கொடுத்த மதம், வைத்தியத்துக்கு வரும்போது வினை என்று சொல்லுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நம்மவர்களிலேயே சிலர், சாமி இல்லை பூதம் இல்லை என்று மேடையில் பேசிவிட்டு, இது மாத்திரம் இயற்கைக்கு விரோதம் என்கின்றார்கள். சாமி இருந்த பீடத்தில் இயற்கையை உட்கார வைத்துப் பூசை செய்வதும் பூசைதான். அம்மைக் குத்துவதும் மூக்குக் கண்ணாடி போடுவதும் எந்த இயற்கையில் சேர்ந்தவை?

இரண்டாவது ஆட்சேபணை சற்றுக் கெட்டிக்காரத்தனமானது. இது நோயா, இல்லையா? நோயல்ல, இதுவும் ஒரு மனிதத் தன்மைதான் என்று நீங்களே சொல்லுகின்றீர்களே. நோயல்லாததற்கு ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் ஏன் என்று கேட்கின்றார்கள். பிள்ளை பெறுவது நோயா? நோயல்ல. ஆனாலும் அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், டாக்டர் வேண்டும், கவனிக்காவிட்டால் சாவு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் பெயரால் கர்ப்ப ஸ்திரீகளுக்கு 18,000 ரூபாய் உதவித் திட்டம் தமிழ்நாடு சர்க்கார் வகுத்தபோது, இது நோயா என்று ஒருவரும் கேட்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் ஒப்புக்கொண்ட நோய் வகைப் புத்தகத்தின் 11-ஆம் பதிப்பிலும் இந்த முறையைத்தான் கையாண்டார்கள். பால் உணர்வு மாறுபடுவதை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் புத்தகத்தைவிட்டே எடுக்காமல், பாலியல் ஆரோக்கியம் என்கின்ற வேறு அத்தியாயத்தில் வைத்தார்கள். ஏன்? புத்தகத்தைவிட்டே எடுத்தால், இன்ஷூரன்ஸ்காரன் பட்டியலில் இல்லை என்று கையை விரிப்பான் என்பது தெரிந்துதான்.

மூன்றாவது, வரிப்பணம். ஏழைக்குக் காய்ச்சல் மருந்தே சரியாகக் கிடைக்காதபோது இதற்கா செலவு என்கின்றார்கள். காய்ச்சல் மருந்து சரியாகக் கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. இதை நிறுத்தினால் அது கிடைத்துவிடுமா என்பதுதான் கேள்வி. மாதா மாதம் பௌர்ணமிக்கு மலை சுற்ற விசேஷ பஸ்ஸும், போலீசும், விளக்கும், துப்புரவும் யாருடைய பணத்தில் நடக்கின்றன? திருநங்கையும் கடையில் சோப்பு வாங்கும்போது வரி கொடுத்துத்தான் வாங்குகின்றார்.

பின்னால் மனம் மாறி வருத்தப்பட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்பது நியாயமான கேள்வி. அப்படி வருந்துகின்றவர்கள் சிறுபான்மையோர் என்றே வைத்திய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அந்தச் சிறுபான்மையோரும் கெடாமல் இருப்பதற்குத்தான் நல்ல டாக்டரும் ஆலோசனையும் வேண்டும் என்கின்றோம். தாயம்மா ஆலோசனை சொல்லுவாளா? இந்த இடத்தில் தமிழ்நாடு சர்க்கார் செய்த இன்னொரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். ஆண் பெண் அடையாளம் தெளிவில்லாமல் பிறக்கும் சிசுக்களுக்குப் பெற்றோருடைய வெட்கத்தை மறைப்பதற்காக அறுத்துத் தைத்துவிடுவதைச் சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளையில் நீதிபதி சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் கண்டித்தார். அதன்மேல் அந்த வருஷம் ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான சந்தர்ப்பம் தவிர அப்படிச் செய்யக் கூடாது என்று நம்முடைய சர்க்கார் உத்தரவு போட்டது. வாய் திறந்து சொல்ல முடியாத சிசுவின்மேல் கத்தி வைக்காதே. வாய் திறந்து கேட்கின்ற வயது வந்தவருக்குக் கதவை அடைக்காதே. இரண்டுக்கும் நியாயம் ஒன்றுதான். சரீரம் யாருடையதோ அவருடைய சொல்.

வெளி நாடுகளில் இந்த வைத்தியத்தின் சரித்திரம் நமக்கு ஒரு விஷயத்தைக் காட்டுகின்றது. பெர்லின் நகரத்தில் 1919-இல் டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்டு என்பவர் பாலியல் விஞ்ஞான நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். இந்த ரண சிகிச்சையின் ஆரம்ப காலத்து வேலை அங்கே நடந்தது. 1933 மே மாதத்தில் நாஜிகள் அதைச் சூறையாடி, புத்தகங்களையும் குறிப்புகளையும் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஒரு டாக்டருடைய நல்லெண்ணத்தையும் ஒரு சர்க்காருடைய சகிப்பையும் நம்பி நின்ற காரியம், சர்க்கார் மாறியதும் சாம்பலாயிற்று. அமெரிக்காவில் கிழவர்களுக்கும் அங்கவீனர்களுக்கும் சர்க்கார் நடத்துகின்ற மெடிகேர் இன்ஷூரன்ஸில் இந்த ரண சிகிச்சைக்கு இருந்த பொதுத் தடை 2014 மே மாதத்தில்தான் எடுபட்டது. அதன் பின்னும் அங்கே மாகாணத்துக்கு மாகாணம் ஒரு சட்டம், தேர்தலுக்குத் தேர்தல் ஒரு சட்டம் என்று ஆடிக்கொண்டிருக்கின்றது. தென் அமெரிக்காவில் அர்ஜென்டைனா மாத்திரம் 2012-இல் நேர் வழியில் போயிற்று. வயது வந்தவர் கேட்டால் ஹார்மோனும் ரண சிகிச்சையும் கொடுக்க வேண்டும், சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் இன்ஷூரன்ஸானாலும் தொழிற்சங்க இன்ஷூரன்ஸானாலும் கட்டாய வைத்தியப் பட்டியலில் இது சேர்த்தி என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதைத் தட்டிப்போட ஒரு இலாகா மந்திரியின் கையெழுத்துப் போதாது. பார்லிமெண்டுக்கு வந்து, எல்லோரும் பார்க்க, கையைத் தூக்கியாக வேண்டும்.

நம்முடைய குறை இதுதான். தமிழ்நாட்டில் திருநருக்குக் கிடைத்தவையெல்லாம் உத்தரவாகவும், திட்டமாகவும், வாரியமாகவும், 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கையாகவும் இருக்கின்றனவே ஒழிய, இந்த வைத்தியத்துக்கென்று சட்டசபை செய்த ஒரு சட்டம் கூட இல்லை. உத்தரவுக்கு ஆயுசு எவ்வளவு என்பதை நாம் பார்த்தாயிற்று. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011-இல் ஆட்சி மாறியதும் அது போயிற்று. 2012 ஜனவரியில் வேறு பெயரில் வேறு திட்டம் வந்தது. இருதய வியாதிக்காரனுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லாமல் இருக்கலாம், ஏனெனில் எந்த மந்திரி வந்தாலும் இருதயத்தை விலக்கிவைக்க மாட்டார். ஓட்டுக் கணக்கில் இருபத்திரண்டாயிரம் பேராக, மாநிலம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றவர்களுடைய வைத்தியம் அப்படியல்ல. யாரோ ஒரு மந்திரிக்குப் பிடிக்காமற் போனால் ஒரு வரியில் காணாமற் போய்விடும். போனதென்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

மாநில சட்டசபைக்கு இதில் அதிகாரம் உண்டா என்று வக்கீல்கள் கேட்பார்கள். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பார்க்கட்டும். இன்ஷூரன்ஸ் வியாபாரம் என்பது மத்தியப் பட்டியலில் 47-ஆவது இனம். ஆகவே கம்பெனிக்காரனுடைய 7-ஆம் நம்பரைச் சென்னையிலிருந்து அழிக்க முடியாது. அதற்கு டில்லியில்தான் சண்டை போட வேண்டும். ஆனால் பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலப் பட்டியலில் 6-ஆவது இனம். சமூக இன்ஷூரன்ஸ் பொதுப் பட்டியலில் 23-ஆவது இனம். சர்க்காரே நடத்துகின்ற காப்பீட்டுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் இவை போதும். ராஜஸ்தான் சட்டசபை 2023 மார்ச்சில் ஆரோக்கிய உரிமைச் சட்டம் என்று ஒன்றைச் செய்தது. அதைப்பற்றி டாக்டர்களுக்கும் சர்க்காருக்கும் பெரிய சண்டை நடந்தது என்பது வேறு சங்கதி. வைத்தியத்தைத் தர்மமாக அல்லாமல் உரிமையாக எழுதுவதற்கு ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு அது போதுமான சாட்சி. சமூகச் சீர்திருத்தத்தில் நாங்கள் முந்தியவர்கள் என்று நாள் தவறாமல் சொல்லிக்கொள்ளுகின்ற நாம், வைதிகக் கோட்டை என்று கேலி செய்கின்ற ராஜஸ்தானத்துக்குப் பின்னால் நிற்பது அழகல்ல.

அந்தச் சட்டம் நூறு பக்கம் இருக்க வேண்டியதில்லை. குடும்பக் கார்டில்லாமல் ஆளுக்கு ஒரு காப்பீட்டுக் கார்டு, அதற்குத் தகப்பனுடைய கையெழுத்தோ பழைய பெயரோ தேவையில்லை என்று முதலில் எழுதட்டும். ஹார்மோன் மருந்தும் அதற்கான ரத்தப் பரிசோதனையும், சர்க்கரை வியாதிக்காரருக்கு மாதா மாதம் மாத்திரை கொடுப்பதுபோல, ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலேயே ஆயுள் முழுவதும் கிடைக்க வேண்டும் என்று எழுதட்டும். திருவண்ணாமலையில் அரசினர் மருத்துவக் கல்லூரியே இருக்கின்றது. வாரத்தில் ஒரு நாள், ஒரு சுரப்பி வைத்தியரும் ஒரு மனோதத்துவ வைத்தியரும் இதற்கென்று உட்காருவதற்கு ஓர் அறை போதும். எந்த வார்டில் படுக்க வைப்பது என்று இரண்டு நர்சுகள் நோயாளியின் தலைமேல் வாக்குவாதம் செய்வதற்கு முடிவு கட்டும்படியான விதி ஒன்றும் வேண்டும். கெட்டுப்போன ரண சிகிச்சையைச் சீர்செய்வதும், அது எங்கே யார் கையால் நடந்திருந்தாலும், காப்பீட்டில் சேர வேண்டும். தாயம்மாவிடம் போனவர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தால், முன்னே ஏன் அங்கே போனாய் என்று கேட்காமல் முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். திருநம்பியர் என்று ஒரு கூட்டத்தார் இருக்கின்றார்கள் என்பதே அதிகாரிகள் பலருக்கு இன்னும் தெரியாது. பெண்ணாய் வளர்க்கப்பட்டதால் வீட்டைவிட்டு வெளியேறவே வழியில்லாதவர்கள் அவர்கள். அவர்கள் பெயரைச் சட்டத்தின் முதல் வரியிலேயே போட வேண்டும். கத்தியைக் கேட்காதவருக்குக் கத்தி கட்டாயமும் ஆகக் கூடாது. ரண சிகிச்சை செய்துகொண்டால்தான் ஆண் என்றோ பெண் என்றோ சர்டிபிகேட்டு மாற்றித் தருவோம் என்று 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில் எழுதினார்களே, அது ஒரு கையால் கத்தியைத் திணித்து மறு கையால் பணத்தை மறைக்கின்ற ஏற்பாடு.

திருவண்ணாமலை ஜில்லாவில் செங்கம் முதல் வந்தவாசி வரையில் எட்டு சட்டசபைத் தொகுதிகள் இருக்கின்றன. மானியக் கோரிக்கை விவாதத்தில் சுகாதார இலாகா வரும்போது இந்த எட்டு மெம்பர்களில் ஒருவராவது எழுந்து, இம்மாதிரி ஒரு மசோதா கொண்டுவர சர்க்காருக்கு எண்ணம் உண்டா, திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் போன வருஷம் எத்தனை திருநருக்கு ஹார்மோன் மருந்து கொடுக்கப்பட்டது, காப்பீட்டில் எத்தனை பேருக்கு எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்று கேட்கட்டும். எந்தக் கட்சியார் கேட்டாலும் நமக்குச் சம்மதமே. கேள்வியும் மந்திரியின் பதிலும் வெளிவந்தால் அவற்றை இந்தப் பத்திரிகையில் அப்படியே பிரசுரிப்போம். ஒருவரும் கேட்காமல் கூட்டம் முடிந்துவிட்டால் எட்டுப் பேருடைய பெயரையும் பிரசுரிப்போம்.